காசநோய் வந்த வீட்டுக்கும், அந்த வீட்டைச் சுற்றி இருப்பவர்களுக்கும்

காசநோய்ச் சுவரொட்டி எதை எடுத்தாலும் அது நோயாளியைப் பார்த்துத்தான் பேசும். இருமும்போது வாயை மூடுங்கள், கண்ட இடத்தில் துப்பாதீர்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். மூன்றும் சரியான சொற்கள்தான். ஆனால் கல்வராயன் மலையில், வெள்ளிமலையிலோ சேராப்பட்டிலோ பஸ்ஸை விட்டு இறங்கி, அங்கிருந்து இன்னும் நடந்து போகவேண்டிய ஒரு குடியிருப்பில், அன்றாடக் கூலியை நம்பி இருக்கும் ஒருவர் தனியாக நின்று இந்த நோயிலிருந்து மீள்வது மிகவும் கடினம். வீட்டார், பக்கத்து வீட்டார், வேலைக்கு அழைத்துப்போகும் மேஸ்திரி, கீழே மருந்துக்கடை வைத்திருப்பவர், மலைமேல் பணிக்கு வந்திருக்கும் செவிலியர் என்று பல பேர் கைகொடுத்தால்தான் ஒருவர் பிழைக்கிறார். அதனால் செய்யவேண்டியவை, செய்யக்கூடாதவை என்ற இந்தப் பட்டியலில் பெரும்பகுதியை நோயில்லாதவர்களை நினைத்தே எழுதுகிறேன்.

2023-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 1 கோடியே 8 லட்சம் பேருக்குக் காசநோய் வந்தது, 12 லட்சத்து 50 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நோயுற்றவர்களில் நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். இந்தக் கிருமியை ராபர்ட் கோக் கண்டறிந்து அறிவித்தது 1882 மார்ச் 24 அன்று. நல்ல மருந்துகள் வந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. மருந்துக்குக் கட்டுப்படும் சாதாரணக் காசநோய் ஆறு மாதச் சிகிச்சையில் குணமாகிறது. பரிசோதனைக்கும் மாத்திரைக்கும் அரசு மருத்துவமனையில் கட்டணம் கிடையாது. அப்படியும் ஒருவர் சாகிறார் என்றால், மருந்து அவரிடம் போய்ச் சேர்வதற்குள் காலம் கடந்திருக்கிறது, அல்லது மருந்தைத் தாங்கும் தெம்பு அவர் உடம்பில் மிச்சமில்லை என்றுதான் பெரும்பாலும் பொருள்.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். சமவெளியில் இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி. மலையில் இருப்பவர்களுக்கோ, கச்சிராயபாளையம் வழியாக இறங்கி மருத்துவமனைக்குப் போய்த் திரும்பினால் அன்றைய கூலி போச்சு. இந்தத் தூரத்தை மனதில் வைத்துத்தான் மற்றதையெல்லாம் படிக்கவேண்டும்.

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால்

செய்யவேண்டியது ஒன்றே: சளியைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மாலையில் வரும் காய்ச்சல், இரவில் வியர்வை, உடம்பு இளைப்பது, பசி எடுக்காமல் போவது, சளியில் ரத்தம், இவற்றில் ஒன்று இருந்தாலும் கொடுங்கள். வீட்டில் ஏற்கெனவே ஒருவருக்குக் காசநோய் இருந்தாலோ, சர்க்கரை நோயோ எச்.ஐ.வி.யோ இருந்தாலோ இரண்டு வாரம்கூடக் காத்திருக்கவேண்டாம்.

"சும்மா சளிதான், தானா போயிடும்" என்று தள்ளிப்போடாதீர்கள். 2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் எடுத்த தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பில், நோய் அறிகுறி இருந்தவர்களில் சுமார் 64 சதவீதம் பேர் எந்த மருத்துவரிடமும் போகவில்லை என்று தெரியவந்தது. போகாததற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் முதலிடம் பிடித்தது, இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான். காசில்லாமல் போகாதவர்கள் மிகச் சிலரே.

இருமல் இல்லை, அதனால் நோய் இல்லை என்றும் முடிவு கட்டாதீர்கள். அதே கணக்கெடுப்பில், மார்பு எக்ஸ்ரே எடுக்காமல் விட்டிருந்தால் பத்தில் நான்கு நோயாளிகள் கண்ணில் படாமலே போயிருப்பார்கள். எக்ஸ்ரே வண்டி உங்கள் ஊருக்கு வருகிறது என்று சொன்னால், அன்று ஒரு மணி நேரம் வேலையை விட்டுவிட்டு வந்து நில்லுங்கள். கழுத்தில் கட்டி, ஆறாத முதுகு வலி, வயிற்றில் நீர் என்று நுரையீரலுக்கு வெளியேயும் இந்த நோய் வரும். குழந்தைகளுக்கு இருமலே இல்லாமல், எடை ஏறாமல், விட்டு விட்டுக் காய்ச்சல் அடிக்கலாம்.

மருந்துக்கடையில் இருமல் டானிக் வாங்கிக் குடித்து நாளைக் கடத்தாதீர்கள். கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஒரே ஆள் மூன்றாவது தடவையாக டானிக் கேட்டு வந்தால் பாட்டிலைக் கொடுக்காமல், அவரைச் சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். லெவோஃப்ளாக்சசின் போன்ற மாத்திரைகளைச் சீட்டில்லாமல் கொடுக்கவே கூடாது. அவை காசநோயைச் சில நாள் அமுக்கி வைக்கும். பிறகு வரும் பரிசோதனையில் நோய் தெரியாமல் போகலாம். ரத்தப் பரிசோதனையில் காசநோயைக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் காசைக் கொடுக்காதீர்கள். ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைப் பார்த்துக் காசநோய் என்று முடிவு சொல்லும் சோதனைகளை இந்திய அரசு 2012-லேயே தடை செய்துவிட்டது.

சளி டப்பா

சின்ன விஷயம்தான், ஆனால் இங்கேதான் நிறையப் பேருடைய நோய் தப்பிப்போகிறது. டப்பாவில் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் 'கிருமி இல்லை' என்றுதான் முடிவு வரும். நோயாளியும் நிம்மதியாக மலையேறிப் போய்விடுவார். அடுத்த தடவை அவர் இறங்கி வரும்போது பாதி உடம்பு கரைந்திருக்கும்.

ஆகவே காலையில் எழுந்ததும், எதுவும் சாப்பிடுவதற்கு முன், வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளியுங்கள். வீட்டுக்கு வெளியே, ஆளில்லாத திறந்தவெளிக்குப் போங்கள். மூச்சை ஆழமாக இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, விடுங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்துவிட்டு நெஞ்சுக்குள்ளிருந்து இருமித் துப்புங்கள். கெட்டியாக, மஞ்சளாகவோ வெள்ளையாகவோ வரவேண்டும். நுரையாகத் தண்ணீர் போல் வந்தால் அது எச்சில், மறுபடியும் முயலுங்கள். குறைந்தது 2 மில்லி, அதாவது அரைத் தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவான அளவு, வேண்டும். மூடியை இறுக்கித் திருகி, பெயர் சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்த்து, வெயில் படாமல் அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். முதல் நாள் மருத்துவமனையிலேயே ஒன்று, மறுநாள் காலை எழுந்தவுடன் ஒன்று என்று இரண்டு மாதிரி கேட்பார்கள். இரண்டையும் கொடுங்கள்.

டப்பாவை வெயிலில் காயும் பைக் பெட்டியில் மணிக்கணக்கில் வைக்காதீர்கள். பஸ்ஸில் கொண்டுபோனால் நெகிழிப் பையில் போட்டு முடிந்து, நேராக நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

நோயாளியே டப்பாவோடு வரவேண்டும் என்று கட்டாயமில்லை. மலையிலிருந்து இறங்குகிற தம்பியோ, சந்தைக்குப் போகிற அக்காவோ கொண்டுவந்து கொடுத்தாலும் போதும். கிராம சுகாதாரச் செவிலியரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளரும் வீட்டுக்கு வரும்போதே டப்பாவைக் கேட்டு வாங்கி வையுங்கள். சளியைச் சோதிக்கும் ட்ரூநாட் என்ற கருவி கோவாவில் தயாராவது. பேட்டரியில் ஓடும். கரண்ட் நின்று நின்று வரும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வைத்துப் பார்க்கலாம். கிருமி இருக்கிறதா என்பதோடு, ரிஃபாம்பிசின் மருந்து அந்தக் கிருமியிடம் வேலை செய்யுமா என்பதையும் அன்றே சொல்லிவிடும். அந்த இரண்டாவது கேள்விக்கு விடை என்ன என்று நீங்களே கேளுங்கள். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி என்றால் மாத்திரையே வேறு.

நோய் என்று உறுதியான அன்றைக்கே

காசநோயில் நிகழும் சாவுகளில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள் நிகழ்கிறது. அதிலும் பல, முதல் சில வாரங்களிலேயே. இதைப் பார்த்துத்தான் தமிழ்நாடு அரசு, சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தோடு சேர்ந்து 2022-இல் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' என்று ஒன்றைத் தொடங்கியது. நோய் உறுதியானவுடனே ஒவ்வொருவரையும் எடை பார்த்து, மூச்சு எண்ணி, எழுந்து நிற்கச் சொல்லி, ஆபத்தில் இருப்பவரைப் பிரித்தெடுத்து மருத்துவமனையில் சேர்க்கும் ஏற்பாடு அது. பெரிய கருவி எதுவும் வேண்டாம். இந்திய அளவில் இதை மாநிலம் முழுவதும் முதலில் முறையாகச் செய்துகாட்டியது தமிழ்நாடுதான். நாம் பெருமைப்பட வேண்டிய காரியம்.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை நான்கு. ஒன்று, யாரும் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா? இரண்டு, கால் வீங்கியிருக்கிறதா? கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் சற்று நேரம் அழுத்தி எடுத்தால் குழி விழுந்து அப்படியே நிற்கிறதா? மூன்று, சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு நிமிடத்தில் 24 தடவைக்கு மேல் மூச்சு வாங்குகிறதா? நான்கு, எடை. 150 செ.மீ. உயரமுள்ளவர் 31 கிலோவுக்கும், 160 செ.மீ. உயரமுள்ளவர் 36 கிலோவுக்கும் கீழே இருந்தால் அது மிகக் கடுமையான மெலிவு. நான்கில் ஒன்று இருந்தாலும் மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டுப் படுக்கை உள்ள மருத்துவமனையில் சேருங்கள்.

சேரச் சொன்னால் மலையில் வருகிற முதல் பதில், "ஆட்டை யார் பாப்பா?" என்பதுதான். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பக்கத்து வீட்டார் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இங்கே இருக்கிறது. பத்துப் பதினைந்து நாள் அந்த ஆடுகளை உங்கள் ஆடுகளோடு ஓட்டிப்போங்கள், பிள்ளைகளுக்கு ஒரு வேளை சோறு போடுங்கள். ஒரு உயிர் நிற்கும்.

அன்றைக்கே சர்க்கரை, எச்.ஐ.வி. பரிசோதனைகளையும் செய்துகொள்ளுங்கள். வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்துப் பதியச் சொல்லுங்கள். நிக்‌ஷய் போஷண் திட்டத்தில் மாதம் 500 ரூபாயாக இருந்த ஊட்டச்சத்து உதவி 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய் ஆகியிருக்கிறது. உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை உள்ள குடும்பம் என்றால் சிகிச்சைக் காலத்துக்குத் தனியாக மாத உதவித்தொகை உண்டு, தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள். கணக்கில்லை, அட்டையில்லை என்று பணத்தை விட்டுவிடாதீர்கள். அது உங்களுக்குச் சேரவேண்டிய பணம்.

மாத்திரை

முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள் சேர்ந்த மாத்திரை, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள் சேர்ந்தது. தினமும். எத்தனை என்பது எடையைப் பொறுத்தது: பெரியவர்களில் 25 முதல் 34 கிலோ வரை 2 மாத்திரை, 35 முதல் 49 வரை 3, 50 முதல் 64 வரை 4. நோயாளி தேறி எடை கூடினால் மாத்திரையின் எண்ணிக்கையும் மாறலாம். மாதாமாதம் எடை பாருங்கள்.

சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். ரிஃபாம்பிசினால் வரும் நிறம், பயப்படவேண்டாம். அதைப் பார்த்து ரத்தம் என்று பதறி நிறுத்திவிடாதீர்கள்.

பயப்படவேண்டியவை வேறு. கண் மஞ்சளாவது, விடாத வாந்தி, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல் என்றால் கல்லீரலில் கோளாறாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போங்கள், அவர் பார்க்கும்வரை மாத்திரை போடவேண்டாம். பார்வை மங்கினாலும், சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாவிட்டாலும் அன்றே போகவேண்டும். பாதத்தில் எரிச்சலோ மரமரப்போ இருந்தால் செவிலியரிடம் சொல்லுங்கள், அதற்கு வைட்டமின் மாத்திரை உண்டு. கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லவேண்டும். ரிஃபாம்பிசின் அதன் பலனைக் குறைத்துவிடும்.

இரண்டாம் மாதம்தான் ஏமாற்றும் மாதம். இருமல் நின்றிருக்கும், பசி எடுக்கும், வேலைக்குப் போகலாம் என்று தோன்றும். அப்போது நிறுத்தாதீர்கள். மிச்சமிருக்கும் கிருமிகள் மறுபடியும் பெருகும், மருந்தை எதிர்த்து நிற்கும் கிருமியாகவும் மாறலாம். அப்படி மாறிய நோய்க்குச் சிகிச்சை முன்பு இரண்டு வருடம்வரை இழுத்தது, ஊசிகளால் சிலருக்குக் காது கேட்காமல் போனது. இப்போது ஆறு மாதத்தில் முடியும் புதிய நான்கு மருந்துச் சிகிச்சைக்கு இந்தியா 2024-இல் ஒப்புதல் தந்திருக்கிறது. ஆனாலும் அந்த இடத்துக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

ஒரு நாள் விட்டுப்போனால் விட்டுப்போனதுதான், மறுநாள் இரட்டிப்பாகப் போடாதீர்கள். வழக்கம்போல் தொடருங்கள், செவிலியரிடம் மறைக்காதீர்கள். உங்கள் மாத்திரை அட்டையை அடுத்தவருக்குப் பகிர்ந்து கொடுக்கவும் கூடாது. 2024-இல் நாட்டின் பல மாநிலங்களில் காசநோய் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது. அப்படி எப்போதாவது கையில் மருந்து இல்லை என்று சொன்னால் வெறுமனே திரும்பாதீர்கள். வேறு எந்த நிலையத்தில் இருக்கிறது, எப்போது தருவீர்கள் என்று கேட்டு, பதில் வராவிட்டால் உதவி எண்ணில் சொல்லுங்கள்.

சாப்பாடு

பட்டினி கிடந்த உடம்பில் காசநோய் எளிதில் தலைதூக்கும், வந்தபின் அந்த உடம்பை இன்னும் உருக்கும். இது காலங்காலமாகத் தெரிந்த சங்கதிதான். ஆனால் எவ்வளவு என்று துல்லியமாகக் காட்டியது ஜார்க்கண்டில் நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வு. நோயாளி வீட்டார் 10,000-க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்தார்கள். ஒரு பகுதியினரின் வீட்டில் எல்லாருக்கும் அரிசியும் பருப்பும் மாதாமாதம் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. பிறருக்குப் பரவக்கூடிய நுரையீரல் காசநோய் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. நோயாளிகளில், முதல் இரண்டு மாதத்தில் எடையில் 5 சதவீதம் கூடியவர்களுக்குச் சாவின் ஆபத்து மிகவும் குறைந்தது. 2023-இல் லான்செட் இதழ்களில் வந்த முடிவுகள் இவை.

40 கிலோ ஆளுக்கு 5 சதவீதம் என்றால் 2 கிலோ. இரண்டு மாதத்தில் 2 கிலோ ஏற்றுவதை வீட்டின் குறியாக வையுங்கள்.

மலையில் மரவள்ளி நிறைய விளைகிறது. வயிறு நிறையும், சக்தியும் உண்டு, ஆனால் புரதம் மிகக் குறைவு. கிழங்கை மட்டும் தின்று தேறமுடியாது. அதனோடு பருப்பு, மொச்சை, கொள்ளு, நிலக்கடலை, முட்டை என்று எதையாவது தினமும் சேருங்கள். சாமையும் கேழ்வரகும் வீட்டில் விளைந்தால் முழுவதையும் விற்றுவிடாமல் கொஞ்சம் நிறுத்திக்கொள்ளுங்கள். உதவிப்பணம் வந்தால் அது முட்டைக்கும் கடலைக்கும் போகட்டும். ஹார்லிக்ஸ், புரத மாவு டப்பா என்று விலை உயர்ந்ததைத் தேடி ஓடவேண்டாம்.

வீட்டில் ஆம்பளைக்கு நோய் என்றால் முட்டை அவர் தட்டில் விழுகிறது. பெண்ணுக்கு நோய் என்றால் அவளே அதைப் பிள்ளைக்குத் தள்ளிவிடுகிறாள். மாமியார்களும் கணவன்மார்களும் இதைக் கவனித்துப் பார்க்கவேண்டும். அவள் சாப்பிடும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

சாராயம், பீடி

இரண்டும் வேண்டாம். காசநோய் மாத்திரை கல்லீரல் வழியாகப் போவது, சாராயமும் அதே கல்லீரலைத்தான் தாக்குகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. ஆனால் நாள்தோறும் குடிப்பவரின் உடம்பைக் காசநோய் தின்பது செய்தியாக வருவதில்லை. குடிக்கிறவர் என்பதற்காக அவருக்கு மாத்திரை கொடுக்காமல் இருக்காதீர்கள், திட்டியும் அனுப்பாதீர்கள். குடியை நிறுத்தும் சிகிச்சையும் அரசு மருத்துவமனையில் உண்டு, இரண்டையும் சேர்த்தே தொடங்கச் சொல்லுங்கள்.

வீடு

சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் (இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) உலகத்துக்கே வழிகாட்டிய ஓர் ஆய்வைச் செய்தது. நோயாளிகளில் ஒரு பாதியை சானடோரியத்தில் படுக்கவைத்து, நல்ல உணவும் ஓய்வும் கொடுத்துச் சிகிச்சை தந்தார்கள். இன்னொரு பாதிக்கு நெருக்கமான, வறுமையான அவரவர் வீட்டிலேயே அதே மருந்து. 1959-இல் வந்த முடிவில், குணமாவதில் இரு தரப்பாருக்கும் பெரிய வித்தியாசமில்லை. வீட்டில் இருந்தவரின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்க சானடோரியங்கள் காலியாகத் தொடங்கின. மதராஸில், கூரை வீடுகளிலும் ஒண்டுக்குடித்தனங்களிலும் இருந்த ஏழைகள் மாத்திரையைச் சரியாகச் சாப்பிட்டுக் காட்டிய உண்மை இது. அதை நம் ஊரிலேயே மறந்துவிட்டு, நோயாளியை மாட்டுக்கொட்டகைக்கு அனுப்புவது எனக்குப் பொறுக்கமுடியாத வேதனை.

தட்டு, டம்ளர், துணி, பாய் எதிலும் இந்த நோய் ஒட்டாது. காற்றில்தான் பரவுகிறது. தட்டைப் பிரிக்காதீர்கள், கதவையும் சன்னலையும் திறந்து வையுங்கள். மலை வீடுகளில் சன்னல் சின்னதாக இருக்கும், குளிருக்காகச் சாத்தியே வைப்பார்கள். பகலிலாவது திறந்து வெளிச்சமும் காற்றும் உள்ளே வரவிடுங்கள். நோயாளி முதல் சில வாரம் வாயை மூடும் துணியோ முகக்கவசமோ அணியட்டும், முடிந்தால் தனியாகப் படுக்கட்டும். மருந்து சரியாக வேலை செய்தால் இரண்டு வாரத்துக்குள்ளேயே பரவும் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். தாய்க்கு நோய் என்றால் குழந்தையைப் பிரிக்கவேண்டாம், முகக்கவசம் போட்டுக்கொண்டு பால் கொடுக்கலாம்.

வீட்டில் உள்ள எல்லோரையும் பரிசோதிக்கவேண்டும். ஐந்து வயதுக்குள் பிள்ளை இருந்தால் முதலில் அந்தப் பிள்ளையை. நோய் இல்லை என்று தெரிந்தவர்களுக்கும் தடுப்பு மருந்து தருவார்கள். வாரம் ஒரு முறை என 12 வாரம், அல்லது தினமும் ஆறு மாதம். "நமக்குத்தான் ஒன்னுமில்லையே" என்று மறுக்காதீர்கள். பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. ஊசி போதும் என்றும் நினைக்காதீர்கள். அது சிறு குழந்தைகளை மூளைக் காய்ச்சல் போன்ற கொடிய வகைகளிலிருந்து காக்கிறது. பெரியவர்களின் நுரையீரல் நோயைத் தடுக்கவில்லை என்பது 1968-இல் செங்கல்பட்டில் தொடங்கிய மிகப் பெரிய ஆய்விலேயே தெரிந்துவிட்டது.

பிழைக்க வெளியூர் போகிறவர்கள்

காபித் தோட்டம், மிளகுத் தோட்டம், திருப்பூர், செங்கல் சூளை. மழை பொய்த்தாலும் கடன் ஏறினாலும் மலை காலியாகும். சிகிச்சை பாதியில் அறுபடுவது பெரும்பாலும் இந்தப் பயணத்தில்தான்.

கிளம்புவதற்கு முன் செவிலியரிடமோ காசநோய்ப் பிரிவு மேற்பார்வையாளரிடமோ சொல்லுங்கள். உங்களுக்கென்று ஒரு நிக்‌ஷய் எண் இருக்கிறது. அதை வைத்து இந்தியாவில் எந்த அரசு மருத்துவமனையிலும் மருந்தைத் தொடரலாம். எண்ணைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள், கைபேசி தொலைந்துபோகலாம் என்பதால் ஒரு தாளிலும் எழுதிப் பையில் போடுங்கள். போய்ச் சேரும்வரைக்கும், அதற்கு மேல் சில நாளுக்கும் போதுமான மாத்திரையைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். சொல்லாமல் கிளம்பிவிட்டீர்களா? பரவாயில்லை, போன ஊரிலிருந்து போன் செய்யுங்கள். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது, கோபித்துக்கொண்டாலும் போனை வைத்துவிடாதீர்கள்.

மேஸ்திரிமார்களே, முன்பணம் கொடுத்து ஆளை அழைத்துப்போகிறீர்கள். ஒரு கொட்டகையில் பத்துப் பேரைப் படுக்கவைக்கிறீர்கள். அதில் ஒருவர் இரண்டு வாரமாக இருமினால் அவரை ஊருக்குத் துரத்தாமல் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள். மற்ற ஒன்பது பேரையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மாத்திரை வாங்கப் போகும் நாளுக்குக் கூலியைப் பிடிக்காதீர்கள்.

ஊராருக்கு

இங்கே செய்யக்கூடாதவைதான் அதிகம். பெயரைச் சொல்லிக் கிசுகிசுக்காதீர்கள். கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணுக்கு இந்த நோய் வந்தது என்று வெளியில் சொல்லி அவள் வாழ்க்கையைக் கெடுக்காதீர்கள். குணமான பின் அவள் எல்லோரையும் போலத்தான் வாழ்வாள், பிள்ளை பெறுவாள். பள்ளிக்கூடத்தில் குழந்தையைத் தள்ளி உட்காரவைக்காதீர்கள். கோயில் திருவிழாவில் நோயாளி வீட்டுப் பொங்கலை ஒதுக்காதீர்கள்.

மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கு

மலையில் வேலை பார்ப்பவர்களின் சிரமம் கொஞ்சநஞ்சமல்ல. ரோடு இல்லாத குடியிருப்புக்கு மழையில் நடந்துபோய் மாத்திரை கொடுக்கும் செவிலியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் வணக்கம். ஆனாலும் சிலவற்றைச் சொல்லவேண்டும். வாசலில் நின்று "டி.பி. மாத்திரை வாங்கலையா?" என்று உரக்கக் கேட்காதீர்கள், உள்ளே போய் உட்கார்ந்து பேசுங்கள். மாத்திரை விட்டவரைக் குற்றவாளி போல் விசாரிக்காமல், ஏன் விட்டது என்று கேளுங்கள். பாதி நேரம் வாந்தியோ, கூலியோ, சாவு வீடோ காரணமாக இருக்கும். எடை எடுக்காமல் அட்டையில் எடை எழுதாதீர்கள். ஆறு மாதம் முடிந்ததோடு விட்டுவிடாமல், இரண்டு வருடம்வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள். தனியார் மருத்துவர்களே, நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு காசநோயாளியையும் அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் கட்டாயம். தெரிவித்தால்தான் அவருக்கு உதவிப்பணமும், வீட்டாருக்குப் பரிசோதனையும் போய்ச் சேரும்.

இதைப் படிக்கிற உங்களுக்கு

2025-இல் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை வெட்டியபோது ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பல காசநோய்த் திட்டங்கள் தடுமாறின. எங்கோ எடுத்த முடிவால் எங்கோ மருந்து நிற்கிற நிலைமை அது. நம் மருந்துக்கு நம் அரசே பெரும்பங்கு செலவு செய்கிறது. விட்டுப்போவது சாப்பாடும் துணையும்தான். 2022 செப்டம்பரில் தொடங்கிய நிக்‌ஷய் மித்ரா ஏற்பாட்டில் தனியாளும் ஒரு நோயாளிக்கு மாதாமாதம் உணவுப் பொருள் கொடுக்கலாம். நீங்கள் கள்ளக்குறிச்சியிலோ சின்னசேலத்திலோ சம்பளம் வாங்குபவராக இருந்தால், மாவட்டக் காசநோய் மையத்தில் போய் மலையில் உள்ள ஒரு குடும்பத்துக்காகப் பெயர் கொடுங்கள். ஆறு மாதம், ஒரு வீடு, பருப்பும் எண்ணெயும் கடலையும் முட்டையும். நோயாளிக்கு மட்டும் கொடுக்காமல் வீட்டில் உள்ள எல்லோருக்கும் சேர்த்துக் கொடுங்கள்.

காசநோய் உதவி எண் 1800-11-6666. இந்த எண்ணுக்குப் பேசக் கட்டணம் இல்லை.